ஆடியில் வண்டி எடுத்த பேச்சியம்மாள்

போன வாரம் நம் கார் ஷோரூமின் புதுக் கிளையைத் திறந்தபோது வரிசையாக நின்ற உங்கள் ஆறு பேரையும் பார்த்தேன். ஒரே நிறச் சட்டை, கையில் டேப்லெட், முகத்தில் கொஞ்சம் பயம். அதில் மூன்று பேர் பெண்பிள்ளைகள். "ஏதாவது சொல்லுங்கக்கா" என்று மைக்கைக் கொடுத்தீர்கள். நன்றி சொல்லிவிட்டு, கொடுத்த லட்டைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வராத பேச்சை இப்போது எழுதித் தருகிறேன்.

வண்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மைலேஜ், ஏர்பேக், பூட் ஸ்பேஸ் எல்லாம் வாங்க வருகிறவர்களே வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் சொல்ல நினைப்பது வண்டி வாங்க வருகிற மனுஷர்களைப் பற்றி.

நான் சேர்ந்த காலத்தில் நம் ஷோரூம் குற்றாலம் ரோட்டில் இருந்தது. இப்போது அங்கே ஒரு ஃபர்னிச்சர் கடை. நாலு வண்டி நிறுத்தினால் நிறைந்துவிடும் கூடம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேற்கே மலை தெரியும். சாரல் சமயத்தில் மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருக்கும். என்னை முதலில் போன் எடுக்கத்தான் வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து, ஆள் பற்றாக்குறையில், விற்பனைக்கு மாற்றினார்கள். முதல் நாளே ஆலங்குளத்திலிருந்து ஒருத்தர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. நான் வணக்கம் சொல்லி உட்காரச் சொன்னேன். அவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியப் பத்திப் பேச ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்றார். வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் போய் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டார். வாட்ச்மேன் பாவம், தன் சைக்கிளைப் பார்த்தார்.

அன்றைக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆறு மாசத்தில் எஞ்சின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லும் அளவுக்கு வந்தேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், பெண் என்பதால் ஒதுக்கிப் பார்ப்பது எப்படி வலிக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் நான் அதையே இன்னொருத்திக்குச் செய்தேன்.

நம் ஊர்ப்பக்கம் வண்டி வாங்குவது எப்படி என்று இதற்குள் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்பர் கூட்டினால் என்ன வருகிறது என்று பார்ப்பார்கள். கருப்பு வேண்டாம் என்பார்கள், சம்பந்தி வீட்டில் வெள்ளை என்றால் நமக்கும் வெள்ளை என்பார்கள். வளைகுடாவில் இருக்கும் மகன் போனில் பார்த்துத் தலையாட்டுவான், ஓட்டப் போவது இங்கே இருக்கும் மருமகனாக இருக்கும். கடைசியில் நாள் பார்ப்பார்கள். ஆடி பிறந்துவிட்டால் ஒருத்தரும் டெலிவரி எடுக்க மாட்டார்கள். அந்த ஒரு மாதம் முழுக்க அருவிக்குப் போகிற வண்டிகள் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நகரும், உள்ளே நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம்.

அப்படி ஒரு ஆடி மாதப் புதன்கிழமை காலையில்தான் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

அவர் போலீசில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆய்க்குடி பக்கம் ஊர். முறுக்கிய மீசை, நிமிர்ந்த நடை, மழை மேகத்திலும் கழற்றாத கூலிங் கிளாஸ். "முப்பது வருஷம் ஜீப்பு ஓட்டிருக்கேன். ஒரு கீறல் விழுந்தது கெடையாது" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை ஏட்டையா என்றே கூப்பிட்டேன். கூட வந்த மனைவி பேச்சியம்மாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார். ஒரே மகன், ராணுவத்தில், வடக்கே எங்கோ.

அப்போது நம்மிடம் ஒரு விசாரணைத் தாள் உண்டு. அதில் 'முடிவெடுப்பவர்' என்று ஒரு கட்டம். நான் கேட்காமலே ஏட்டையாவின் பெயரை எழுதினேன். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரிடமே பேசினேன். எஞ்சின், பிக்கப், டர்போ. அவரும் ஆர்வமாகக் கேட்டார்.

பேச்சியம்மாள் நடுவில் மூன்றே கேள்விதான் கேட்டார்.

"சீட்டை ஒசத்த முடியுமாம்மா?"

"கண்ணாடில பின்னால வாரது எவ்வளவு தூரம் தெரியும்?"

மூன்றாவதாக, "கியர் போடாம ஓடுத வண்டின்னு இருக்காமே, அது இருக்கா?"

ஏட்டையா வாய்விட்டுச் சிரித்தார். "ஏட்டி, அது பொம்பளையாளு ஓட்டுத வண்டி."

நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கூசும். ஒரு பொம்பளை சீட் உயரம் கேட்கிறாள், கண்ணாடி கேட்கிறாள், கியர் கேட்கிறாள். ஒர்க்‌ஷாப்பில் போய் நின்று படித்தவள் நான். எனக்கு அது ஏன் தோன்றவில்லை?

கடைசியில் இன்னொன்றும் கேட்டார் பேச்சியம்மாள். பணம் கட்டினால் எத்தனை நாளில் வண்டி கிடைக்கும் என்று. "ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு எடுத்திரலாம்க்கா" என்றேன். "அதுவரைக்கும் தாங்காது. இந்த மாசமே வேணும்" என்றார். ஏட்டையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. ஆடியிலேயே ஒரு டெலிவரி என்றால் மேனேஜர் சந்தோஷத்தில் குதிப்பார் என்பது மட்டும் புரிந்தது. அவர் ஏற்கெனவே கண்ணாடி அறைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். ஏட்டையாவின் லைசென்ஸ் இன்னும் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். ஷோரூம் டிரைவர் கூட வர வேண்டும் என்பது விதி. அவர் அன்றைக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி போயிருந்தார். முப்பது வருஷம் போலீஸ் ஜீப் ஓட்டியவருக்கு எதற்கு இன்னொரு டிரைவர் என்று நானே முடிவு பண்ணி, சாவியைக் கொடுத்து, பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். இதை நீங்கள் ஒருநாளும் செய்யக்கூடாது. இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அத்தனை வண்டி விற்றவளுக்கு ஒரு வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பேச்சியம்மாள் பின்சீட்டில், நடுவில் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. சும்மா சொல்லக்கூடாது, கை அவ்வளவு சுத்தம். கியர் விழுவதே தெரியவில்லை. மேலகரம் தாண்டியதும் சீசன் கூட்டம் ஆரம்பித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் வேன்கள். தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்த தள்ளுவண்டிகள். மேலே பொடித் தூறல்.

பின்னாலிருந்து பேச்சியம்மாள் பேசிக்கொண்டே வந்தார்.

"எடப்பக்கம் ஆட்டோ நிக்கி."

"வலது கைப்பக்கம் பஸ்சு ஒதுங்குதான்."

"அந்தா ஒரு பொம்பளை பிள்ளையோட வாரா."

சத்தமில்லாத குரல். எனக்கு எரிச்சலாக இருந்தது. சில வீட்டில் இப்படித்தான், வண்டி ஓட்டுகிறவரை நிம்மதியாக ஓட்ட விட மாட்டார்கள் என்று நினைத்தேன். ஏட்டையா ஒரு தடவைகூட "சும்மா இரு" என்று சொல்லவில்லை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒரு இடத்தில் பேச்சியம்மாளுக்குத் தும்மல் வந்தது. இரண்டு தும்மல், அவ்வளவுதான். அந்த நேரத்தில் இடது பக்கம் நின்ற இரண்டு வேனுக்கு நடுவிலிருந்து, துண்டு கட்டிய ஒரு பெரியவர் ரோட்டில் இறங்கினார். எனக்கு நன்றாகத் தெரிந்தார். ஏட்டையா பிரேக் மேல் காலைக் கொண்டுபோகவில்லை.

"நிறுத்துங்க!" என்று பேச்சியம்மாள் கத்தினார்.

வண்டி நின்றது. பெரியவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அகலம். அவர் பானெட்டில் ஓங்கி அடித்து, "கண்ணு என்ன பொடதிலயா இருக்கு?" என்று கத்தினார். எண்ணெய்க் கை, ஐந்து விரலும் பானெட்டில் அப்படியே பதிந்தது. கத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் ஏட்டையாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பெரியவரைத் தேடிக்கொண்டிருந்தார். ஆள் இடது பக்கம் போய்விட்டார், இவர் நேராகப் பார்த்தபடி தலையை இங்கும் அங்கும் திருப்பித் தேடுகிறார். கூலிங் கிளாஸுக்கு அடியில் வியர்வை வழிந்தது.

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. இந்த மனுஷருக்கு நேராக இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரியவில்லை. இவ்வளவு தூரம் வண்டி ஓடியது இவர் கையாலும் பின்சீட்டில் இருந்தவளின் கண்ணாலும்தான்.

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். என்ன செய்வது? என்னால் ஓட்ட முடியாது. ஷோரூமுக்குப் போன் போட்டு ஆளை வரச்சொல்லலாம். என்ன காரணம் சொல்வது? ஒரு போலீஸ் டிரைவரை நடுரோட்டில் இறக்கிவிட்டு இன்னொரு டிரைவர் ஏறி உட்கார்ந்தால் அவர் அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவாரா? "உங்களுக்குக் கண் தெரியவில்லை" என்று நான் சொல்லவா? நான் யார் அதைச் சொல்ல? அதே சமயம் இன்னொரு நூறு அடி அவரை ஓட்டவிடவும் முடியாது. ரோடு முழுக்கக் குழந்தைகள்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏட்டையா, அந்தா முன்னால காலி இடம் இருக்கு, அப்பிடியே நேரா ஓரமா நிறுத்துங்க. எங்க ஷோரூம்ல ஒரு வழக்கம் உண்டு. போறப்போ ஒருத்தர் ஓட்டுனா, வாரப்போ வீட்ல இன்னொருத்தர் ஓட்டணும். ரெண்டு பேருக்கும் வண்டி ஒத்துவருதான்னு பாக்கணும்லா."

அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. ஏட்டையா ஓரம்கட்டினார். நான் பின்னால் திரும்பினேன். எந்த தைரியத்தில் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தச் சீட்டுக் கேள்வியும் கண்ணாடிக் கேள்வியும்தான் காரணமாக இருக்கும்.

"அக்கா, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

பேச்சியம்மாள் கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு பர்ஸ், அதற்குள் ஒரு சாமி படம், அதற்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். புத்தம்புது லைசென்ஸ்.

ஏட்டையா அதை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எப்பட்டி எடுத்தே?"

"தை மாசம்."

"எங்கன படிச்சே?"

"தென்காசில. காலைல முதல் பஸ்சுல வந்து ஓட்டிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அரிசி போடுத நேரத்துக்குப் போயிருவேன். நம்மூர்ல படிச்சா நாலு பேரு உங்ககிட்ட சொல்லிருவாகள்லா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே."

பேச்சியம்மாள் குடையின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினார்.

"நீங்களும் என்கிட்ட சொல்லலயே" என்றார். "கண் முகாம்ல குடுத்த சீட்டை யூனிபார்ம் பெட்டிக்குள்ள வச்சிருந்தீகள்லா. நான் அதை ஐப்பசிலயே பாத்துட்டேன்."

வைப்பர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. நான் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். கைப்பிடியைத் தொட்டால் சத்தம் வருமே என்று அசையாமல் இருந்தேன். ஸ்டியரிங் மேல் இருந்த ஏட்டையாவின் கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கதவைத் திறந்து இறங்கினார். பானெட்டைத் தடவிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி என் பக்கம் வந்தார். நான் பின்னால் மாறிக்கொண்டேன். பேச்சியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

முதல் தடவை வண்டி குதித்து நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. ஏட்டையா திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கிளட்சை மெதுவா விடு. அவசரம் ஒண்ணுமில்ல. பின்னால ஹாரன் அடிக்கவன் அடிச்சிட்டுப் போறான்" என்றார்.

வண்டி நகர்ந்தது. அதன் பிறகு ஷோரூம் வரும்வரை அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். "இப்ப மாத்து." "ம், இன்னும் ஒண்ணு." "எறக்கு, எறக்கு, வண்டி மொனங்குது பாரு." ஏட்டையா சொல்லச் சொல்ல பேச்சியம்மாள் மாற்றினார். தூறலில் பானெட்டில் பதிந்த அந்த எண்ணெய்க் கை கரையவே இல்லை, முன்னால் தெரிந்துகொண்டே வந்தது.

ஏட்டையாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தமாம், கிளாக்கோமா. ஷோரூமில் காபி குடிக்கும்போது பேச்சியம்மாள் சொன்னார். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் விடாமல் திருநெல்வேலிக்கு ஆஸ்பத்திரி போய்வர வேண்டும். பஸ்ஸில் போவோம் என்றால் ஏட்டையா வர மாட்டார். படியில் தடுக்கினால் நாலு பேர் பார்ப்பார்கள். வாடகைக் கார் என்றால் ஊருக்குள் ஏன் எதற்கு என்று கேட்பார்கள். சொந்தக் கார் என்றால் ஒருவேளை ஏறுவார் என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டு, சொல்லாமல் ஓட்டப் படித்து, வண்டி பார்க்கலாம் வாங்க என்று கூட்டிவந்திருக்கிறார். அதனால்தான் ஆவணி வரைக்கும் தாங்காது.

"ஆடின்னு யோசிப்பாகளேக்கா" என்றேன்.

"ஆடி அம்மனுக்கு ஒகந்த மாசம்தானம்மா? அவளுக்கு ஆகுத மாசம் எனக்கு ஆகாதா?" என்றார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கியர் இல்லாத வண்டி ஒன்று ஸ்டாக்கில் நிற்கிறது, அந்த அம்மா ஓட்டுவதென்றால் அதையே தள்ளு என்றார். தப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. புதிதாக ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், கூட்டமான ரோடு. வந்ததும் அவரே கேட்ட வண்டியும் அதுதான். போய்ச் சொன்னேன்.

பேச்சியம்மாள் வாசல் பக்கம் பார்த்தார். ஏட்டையா அங்கே வாட்ச்மேனோடு பேசிக்கொண்டு நின்றார்.

"வேண்டாம்மா. கியர் வண்டியே இருக்கட்டும். அவுகளுக்கு ஏதாவது சொல்ல இருக்கணும்லா" என்றார்.

எந்தப் பயிற்சி வகுப்பிலும் இப்படி ஒரு காரணத்தை யாரும் எனக்குச் சொல்லித் தந்தது கிடையாது. கியர் வண்டிக்கே பதிவு போட்டேன், பேச்சியம்மாள் பெயரில்.

டெலிவரி அந்த ஆடியிலேயே, ஒரு வெள்ளிக்கிழமை. வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோவுக்கு அந்தப் பெரிய அட்டைச் சாவியையும் எடுத்து வைத்திருந்தோம். அப்போதுதான் ஏட்டையாவின் தம்பி வந்து சேர்ந்தார். ஊரில் வயல் தோப்பு என்று இருக்கிறவர், நாலு பேர் மதிக்கிற மனுஷர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் மேல் உயிர். அதனால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஆடியில வண்டி எடுக்காக. அதுவும் மதினி பேர்ல. மதினிதான் ஓட்டப் போறாகளாம். ஊர்ல கேக்கான், உங்க அண்ணனுக்கு என்ன கொறச்சல்னு. நான் என்ன சொல்லட்டும்?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதானம்மா வித்தது? முப்பது வருஷம் ஜீப்பு ஓட்டுன மனுசன் நிக்காரு. அவரை விட்டுட்டு ஒரு பொம்பளைக்கு ஏன் வண்டிய எழுதிக் குடுத்தீய?"

என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. பெண்கள் பெயரில் எடுத்தால் தள்ளுபடி என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மேனேஜரும் எதையாவது சொல்லிச் சமாளி என்று கண்ணைக் காட்டினார். ஏற்கெனவே ஒரு தடவை காருக்குள் பொய் சொல்லி அவரைக் காப்பாற்றியவள்தானே நான். ஆனால் அன்றைக்கு ரோட்டில் உயிர் போகிற அவசரம். இன்றைக்கு அந்த அவசரம் இல்லை. இப்போது நான் பொய் சொன்னால், ஒரு பொம்பளை வண்டி ஓட்டுவதற்குத் தள்ளுபடி மாதிரி ஒரு சாக்கு வேண்டும் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். உண்மையைச் சொல்லலாமென்றால் அது என் உண்மை இல்லை.

"அண்ணாச்சி, வண்டி அக்காவோடது. அவங்க கேட்ட வண்டிய நான் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

தம்பிக்கு முகம் சிவந்தது. "அப்பம் எங்க அண்ணன் இங்கன எதுக்கு நிக்காரு?"

ஏட்டையா கூலிங் கிளாஸைக் கழற்றினார். கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். "ஏலே, எனக்குக் கண்ணு தெரியலலே" என்றார்.

தம்பி சிரிக்கப் போனவர் மாதிரி வாயைத் திறந்து அப்படியே நின்றார்.

"நேரா இருக்கது தெரியும். நீ இப்ப நிக்கது தெரியும். ரெண்டடி தள்ளி நின்னேன்னா தெரியாது. ஒரு வருசமா எனக்கே நான் சொல்லிக்கிடல. இவ சொல்லாமலே கண்டுபிடிச்சிருக்கா. எனக்காகப் போயி ஓட்டப் படிச்சிருக்கா. ஊர்ல கேக்கவன்கிட்ட இதச் சொல்லு. எனக்கு ஒரு கொறச்சலும் இல்லன்னு சொல்லு."

தம்பி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரே போய் ஆரத்தித் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். போட்டோகிராபர் வழக்கம்போல அட்டைச் சாவியை ஏட்டையாவிடம் நீட்டினார். ஏட்டையா அதை வாங்கி, மனைவி நின்ற இடத்தைக் கையால் தேடி, அவர் கையில் கொடுத்தார். பேச்சியம்மாள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டதால் அந்தப் போட்டோவில் அவர் வகிடு மட்டும்தான் தெரியும்.

வண்டி கிளம்பியது. எங்கள் வாசலிலிருந்து ரோட்டில் ஏறுவது சிரமம், சீசன் நேரத்தில் யாரும் வழிவிட மாட்டார்கள். பேச்சியம்மாள் தயங்கி நின்றார். அப்போது இடது பக்கக் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஏட்டையாவின் கை வெளியே வந்து, உள்ளங்கையை விரித்து நின்றது. வந்துகொண்டிருந்த லாரி அவர் கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை, சத்தத்தில் கேட்டிருப்பார். லாரிக்காரன் அந்தக் கையையும் மீசையையும் பார்த்துவிட்டு பிரேக் போட்டான்.

அதன் பிறகு அந்தத் தாளில் 'முடிவெடுப்பவர்' கட்டத்தை நான் நிரப்பியதே இல்லை. வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரையும் உட்காரவைத்து, யார் எங்கே போக இந்த வண்டி என்று கேட்பேன். நேரம் கூடுதலாக ஆகும். மேனேஜர் திட்டினார். சில வீட்டு ஆண்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், அந்த விற்பனை போனதும் உண்டு. அதையும் மறைக்கவில்லை. அந்த ஐப்பசியில் நானும் ஓட்டப் படிக்கப் போனேன். சொல்லிக்கொடுத்த பையன், "இதுக்கு முன்னால ஒரு சத்துணவு டீச்சர் வந்தாங்க, உங்களவிடப் பயப்படாம ஓட்டுனாங்க" என்றான். யாரென்று நான் கேட்கவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் சர்வீசுக்கு வரும்போதெல்லாம் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். ஏட்டையாவின் பார்வை முழுசாகப் போகவில்லை, விடாமல் ஆஸ்பத்திரி போனதால் இருந்தது அப்படியே தங்கியது. ஒரு தடவை வடக்கே இருக்கும் மகனைப் பார்க்க மதுரை வரைக்கும் காரில் போய் ரயில் ஏறினோம் என்று ஏட்டையா பெருமையாகச் சொன்னார். "நான் ஒரு நிமிசம் தூங்கல. கியர் சொல்லிக்கிட்டே போனேன்" என்றார். "நான் மாத்தி முடிச்ச பெறகுதான் இவுக சொல்லுவாக" என்று பேச்சியம்மாள் என் காதில் சொன்னார்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்ற அன்றைக்கும் வந்தார்கள். கையில் ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு, பேச்சியம்மாள் கிண்டியது. சாயங்காலம் கூட்டம் எல்லாம் போன பிறகு ஏட்டையா என்னிடம் வந்து, "அம்மா, அங்கன நிக்கது புது மாடலா? ஒருதடவ உக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டார். கூடத்தில் நிறுத்தியிருந்த வண்டியின் கதவைத் திறந்துவிட்டேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளினார். நடுக்கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். கையைக் கொண்டுபோய் கியர் மேல் வைத்தார். பேச்சியம்மாள் சுற்றிக்கொண்டு போய் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எங்க போறோம்?" என்று கேட்டார்.

"நீ சொல்லு, போவோம்" என்றார் ஏட்டையா.

நான் விளக்கு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசி நாள், பூட்டிக்கொண்டு போக வேண்டியவள் நான்தான். அவர்கள் இறங்குகிறவரை எந்த விளக்கையும் அணைக்கவில்லை.